ஐந்தாம் மாதப் பட்டியல்

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வார்ப்பில் குறை தெரிந்தால் தாளில் எழுதி, எதிரே காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் எழுதிவிட்டால் அந்த வரி முடிந்தது. முதல் கர்ப்பத்தின்போது என் உடம்புக்கும் அப்படியொரு தாள் போட்டேன். மலச்சிக்கல்: இரும்புச்சத்து மாத்திரை. களைப்பு: ரத்தசோகை. வயிற்று இழுப்பு: கர்ப்பப்பை வளர்கிறது. மலத்தில் ரத்தம்: மூலம்.

கடைசிக் காரணத்தைச் சொன்னது என் மாமியார். "சூடு கண்ணு. மாசமா இருந்தா எல்லாத்துக்கும் வாரதுதான். வெந்தயத்த ஊற வெச்சுக் குடி, சரியாப் போயிரும்." ஆறு வாரம் குடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் மாதம், பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா கையுறை போட்டுச் சோதித்துவிட்டு, "மூலம்னு யாருங்க சொன்னது?" என்றார். எல்லோரும் என்றேன். குழந்தைக்கு ஆகாது என்று எக்ஸ்ரே எடுக்காமல், ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய்.

அதன்பிறகு எனக்கு எதுவும் பிடிபடவில்லை. குழந்தை உள்ளே இருக்கும்போதே குடலின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். அதில் வலி கண்டு இப்போதே பிறந்தால் பிழைக்காது, எட்டாம் மாதம்வரை பொறுத்தால் குழந்தைக்கு நல்லது, உங்களுக்கு எப்படி என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கேட்கும்போது இரண்டுமே சரியாகப் பட்டன.

"எத்தன பேருக்கு இப்படிச் செஞ்சிருக்கீங்க?" என்று சர்ஜனிடம் கேட்டேன்.

"குடல் ஆபரேசன் நெறையங்க. மாசமா இருக்கறவங்கன்னா நீங்கதான் மொதல்."

"எங்க கம்பெனியில மொதல் பீஸ விக்க மாட்டமுங்க."

சர்ஜன் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே வயிறு உப்பி வாந்தி வந்தது. குடல் அடைத்துக்கொண்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மாவும் சர்ஜன் பக்கம் வந்தார். கையெழுத்துப் போட்டேன். அது என் முடிவுதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது, வயிற்றில் கட்டுப் போடாத ஓரத்தில் நர்ஸ், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் ஒலிக்குழலை வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க அம்மணி, எண்ணிக்கிட்டிருக்கறனல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தி நாப்பத்தாறு" என்றார்.

"எத்தனையில இருந்து எத்தன வரைக்கும் இருக்கலாமுங்க?"

"நல்லாத்தான் இருக்குது. தூங்குங்க."