மாவு கடித்த ராஜா

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முகம் சுளித்துப் போகும். மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிறவனாக, நான் இருந்த காலத்தில் பிடித்த வியாதி அது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது எனக்கும் பந்து என்றால் ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் கிராணிமார் கூடிக் கால்பந்து ஆடுவார்கள். ஆட்டம் கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் சண்டை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒரு கட்சி, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இன்னொரு கட்சி. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஆரம்பித்து, யார் பேசுகிற தமிழ் சுத்தம் என்பதில் போய் நிற்கும். திடலை ஒட்டினாற்போல ரப்பர்க் கொட்டகை. அங்கே மரத்திலிருந்து பிய்த்தெடுத்து மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருக்கும் ஒட்டுப்பால் மழையில் நனைந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு சுத்தத் தமிழைப் பற்றிக் கத்துகிறார்களே என்று எரிச்சலோடு குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அவையும் அந்த லட்சணம்தான். மெட்ராஸிலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வந்து, ரயிலில் லாபிஸ் வந்து, பாதி நனைந்து என் கைக்கு வரும். பிரித்தால் ஒரு ஜமீன்தார் மகள் அத்தியாயத்துக்கு ஒரு தரம் மூர்ச்சை போடுவாள். அவளைத் தூக்கிப் போனவன் யார் என்று எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். துப்பறிகிறவனுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. எங்கள் வீட்டுக் கரையான்கூட அந்தப் புத்தகங்களில் ஒன்றிரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. என் மனைவி என்னவோ அவற்றை அடுப்படியில் வைத்து இரண்டாம் தரமும் படித்தாள்.

அந்த ஊரில் எனக்குக் குமட்டாத ஒன்று உண்டென்றால் அது பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆடும் நாடகம். விடிய விடிய ஆடுகிற பேச்செல்லாம் தோட்டத்தில் கிடையாது. மறுநாள் இருட்டோடு எல்லோரும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். நான் பேர் வாசிக்க வேண்டும். ஆகவே பிற்பகலிலேயே திரை கட்டிவிடுவார்கள். ராஜா வேஷம் எப்போதும் ஒருவருக்குத்தான். ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மற்ற நாளெல்லாம் பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற கூலி. எழுத்துத் தெரியாது. மாசி மாதம் முழுக்க வேலை முடிந்து என் வீட்டு வாசற்படியில் வந்து உட்காருவார். நான் நாடகப் புத்தகத்தை வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்லுவார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்று கேட்பாள்.

ராஜா மேடைக்கு வந்ததும் சனங்கள் எல்லாம் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. கூலிகளை வேலை வாங்குகிற பெரிய கங்காணியும் நிற்பார். வருஷம் முழுவதும் அந்த மனிதரை 'டேய்' போட்டுக் கூப்பிட்டு, மரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டால் அவரைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டுகிற அதே கங்காணி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். ராஜா கையமர்த்தின பிறகுதான் உட்காருவார். அந்த மனிதருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, ஊரில் நிலம் இல்லை. இருந்தது அந்த ஒரு பிற்பகல்தான். அதை வைத்துக்கொண்டு மிச்ச வருஷத்தை அவர் ஓட்டினார் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு தீபாவளிக்கு மூவாரிலிருந்து ஒரு பயாஸ்கோப்புக்காரன் வந்தான். படங்கள் பேசாத காலம். பெரட்டுத் திடலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, மிஷினைக் கையால் சுற்றிப் படம் காட்டினான். ஒரு தடித்த வெள்ளைக்காரன் மாவுப் பீப்பாயில் தலைகுப்புற விழுகிறான். எழுந்திருக்கிறான். மறுபடி விழுகிறான். அவ்வளவுதான் கதை. இதற்கு எங்கள் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, படத்தை விட்டுவிட்டு, திரும்பி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பலன் கிறிஸ்துமஸுக்குத் தெரிந்தது. வேறு தோட்டங்களிலிருந்து துரைமாரும் துரைசானிமாரும் விருந்துக்கு வருகிறார்கள், திடலில் கூலிகளுக்கு விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. பெண்கள் பால் வாளியில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆண்கள் கொழுப்புத் தடவின கம்பத்தில் ஏற வேண்டும். கடைசியில் மாவு. ஒரு பெரிய பேசின் நிறையக் கோதுமை மாவைக் கொட்டி, அதற்குள் மிட்டாயைப் புதைத்துவிடுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லால் கவ்வி எடுக்க வேண்டும். எடுத்தவனுக்கு ஒரு டின் பிஸ்கட். இதற்குப் பெயர் விளையாட்டாம். நாய்க்கு எலும்பு போடுகிறவன்கூட அதை மண்ணில் புதைத்துப் போடமாட்டான்.

மாவுக்கு ஆள் தேடும் நேரத்தில் பெரிய கங்காணி துரையின் நாற்காலிப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். துரை முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் தோட்டத் தமிழில் கூப்பிட்டார்.

"ராஜா எங்கே? ராஜா வா! மாவு சாப்பிடு!"

நான் கங்காணியைத் தனியாக இழுத்து, "அவரை விட்டுடுங்க. வேற ஆளா இல்ல?" என்றேன்.

"தொர ஆசப்பட்டுக் கேக்குறாரு. வேணும்னா நீங்க போயி இல்லன்னு சொல்லுங்களேன்" என்றார் அவர்.

போனேன். வயதான ஆள், மூச்சு முட்டும் என்று துரையிடம் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த துரைசானியிடம் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த அம்மாள் கைதட்டினாள். "ராஜா ரொம்ப வயசு. ரொம்ப நல்லது" என்றார் துரை.

ராஜா வந்தார். முரண்டு பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. அவருடைய கையைக் கட்டியதும் கங்காணிதான். பேசினுக்கு முன் முழங்காலிட்டு, ஒரு தரம் மூச்சை இழுத்துக்கொண்டு, முகத்தை உள்ளே விட்டார். மாவு மூக்கில் ஏறி இருமினார். மறுபடி விட்டார். நிமிர்ந்தபோது பல்லுக்கிடையில் மிட்டாய் இருந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்து, கன்னத்து மாவு கூழாகி ஒழுகிற்று. துரைமார் சிரித்தார்கள். திடல் முழுவதும் சிரித்தது. கூலி லயத்துப் பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வருஷா வருஷம் அவருக்காக எழுந்து நின்ற சனங்கள்தான் அவர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி சொன்னாள்: "வெள்ளைக்காரன் சிரிச்சதக்கூட விட்டுடலாங்க. நம்மாளுங்க வாயத் தொறந்த தொறப்ப நெனச்சா எனக்கு வாந்தி வருது." அன்று அவள் எனக்குச் சோறு போட்டாள்; தான் சாப்பிடவில்லை.

மாசியில் அவர் வழக்கம்போல வாசற்படிக்கு வந்தார். பாடம் என்றைக்கும்போல நடந்தது.

பங்குனியில் நாடகம். திரை விலகியது. காகித ஜரிகைக் கிரீடமும் முகத்தில் வெள்ளைப் பூச்சுமாக ராஜா வந்து நின்றார். முன்வரிசையில் சிலர் பாதி எழுந்துவிட்டார்கள். கங்காணி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் கத்தினார்.

"டேய், மாவு கடிச்ச ராஜா வந்துட்டாண்டா!"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சிரிப்புப் பொங்கிற்று. அவர் முதல் வசனத்தைச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கையமர்த்தினார், அதற்கும் சிரித்தார்கள். அடங்கட்டும் என்று நின்றார். அடங்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜா மெல்லக் குனிந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு நாக்கை நீட்டி, மீசையைச் சுற்றி ஒரு நக்கு நக்கினார்.

நாடகக் கொட்டகை அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல் அந்தத் தோட்டத்தில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. நான் எழுந்து வெளியே வந்து வேலியோரம் காறித் துப்பினேன். நாக்கெல்லாம் கசந்தது.

மறுவருஷம் ராஜா வேஷம் வேறொருவனுக்குப் போயிற்று, இவருக்குக் கோமாளி. மாசியில் அவர் என் வீட்டுக்கு வரவில்லை. கோமாளிக்குப் புத்தகம் எதற்கு? வழியில் ஒரு நாள் பார்த்து, "இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அப்ப எந்திரிச்சு நின்னது பழக்கத்துல நின்னாங்க, கெராணி ஐயா. இப்ப சிரிக்கிறது மனசாரச் சிரிக்கிறாங்க" என்றார்.

நாடகத்தில் நன்றாகவே செய்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. என் மனைவியும் போகவில்லை.

அடுத்த நாள் காலை பெரட்டு. வரிசை நின்றது. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பேராக வாசித்தேன். அவருடைய பேர் வந்தது. அப்பன் வைத்த பேர். வாசித்தேன். பதில் இல்லை. இன்னொரு தரம் உரக்க வாசித்தேன். எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, கைக்கத்தியைப் பார்த்தபடி இருந்தார்.

"டேய், கோமாளி!" என்றார் கங்காணி.

"ஐயா!" என்று கையைத் தூக்கினார்.