மலைப்பாட்டுக்கு வந்த பெண்கள்

அந்த வருஷம் எனக்குச் சீனப்பாட்டுப் பைத்தியம். பின்னேரங்களில் சிற்றலையில், கரகரப்புக்கு நடுவே, சீனாவின் தமிழ் ஒலிபரப்பு வரும். ஒருநாள் ஒரே நாட்டுப்பாடலை இரண்டு விதமாகப் போட்டார்கள். புதுமுறையில் பாடியவள் சங்கீதம் படித்தவள். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, உருட்டி, வாத்தியங்களின் மேல் பதமாக வைத்தாள். பழைய முறையில் பாடியவள் மலைக்காரி. எதிர்மலையில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டுமே! தொண்டையைத் திறந்து உச்சத்தில் ஒரே வீச்சு. முடிவில் நடுக்கம், பிறகு ஒரு சறுக்கல். எனக்கு அவள்தான் வேண்டும். மேதின மேடையில் அப்படியே பாடிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வீட்டில் மாமா படுக்கையில். அம்மாவின் தம்பி, வள்ளம் ஓட்டின தண்டயல். வயிற்றில் புற்று, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அம்மா அவரிடம் சொன்னதோ அல்சர். ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியக்கூடாதென்று எங்களுக்குக் கட்டளை. "மாரிக்கு முன்னம் கடலுக்குப் போயிடுவன்" என்பார்.

அம்மா கோயிலுக்குப் போன ஒரு காலை, கிணற்றடியில் நின்று, கடலை எதிர்மலையாக வைத்து வீசினேன். நல்லாய்த்தான் வந்தது. இன்னும் உச்சத்துக்கு ஏறினேன். வாசல் படலையில் பதில் கேட்டது.

எங்கள் பக்கம் செத்தவீட்டுக்கு ஆள்விட்டுச் சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெண் ஒப்பாரிக் குரல் வைத்தால், அயற்பெண்கள் படலையிலேயே தலைவிரித்து அழுதுகொண்டு வருவார்கள். நான் உள்ளே ஓடுவதற்குள் கட்டிலைச் சுற்றி இருந்துவிட்டார்கள்.

"என்ரை ராசா, புற்றுத் தின்ற வயிறோடை போயிட்டியோ!" என்று மூத்தவள் நெஞ்சில் அடித்தாள்.

மாமா கண் திறந்தார்.

"ஐயோ, முழிச்சிட்டார்!"

"ஆருக்குப் புற்று?" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, பிள்ளை. படிச்சனியெல்லே."

"அல்சர், மாமா."

"அப்ப உவையள் ஏன் வந்தவை?"

"நான் பாடினனான். சீனப்பாட்டு."

"அப்ப சீனாக்காரனுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். விரித்த தலைகளைக் கண்டதும் திருநீற்றுத் தட்டம் கீழே விழுந்தது. "தம்பி, உனக்குப் பொய் சொல்லியெல்லோ அனுப்பிப்போட்டன்!" என்று கத்திக்கொண்டு அவர் மேல் விழுந்தாள்.

மாமா அவள் முதுகைத் தடவினார்.

"எவ்வளவு நாளக்கா?" என்று கேட்டார்.