தையல் மெஷினடியில் போர்த்துக்கீசு

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு நீங்கள் எப்போதாவது வேற்று மொழி படித்திருக்கிறீர்களா? தையல்காரிக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும், சும்மா கிடப்பது காது மட்டும்தான். அந்தக் காதை நம்பித்தான் நான் போர்த்துக்கீசில் இறங்கினேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில் எங்கட வீட்டு முன்னறையில் ஹபாயா என்ற நீள அங்கியும் சட்டையும் தைக்கிறேன். படிப்பு பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வரைக்கும். கணவர் மூன்று வருசமாகப் போர்த்துக்கலில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை. எனக்கும் நாலு வயது மகளுக்கும் விசா வந்ததும் போனில் சொன்னார்: நாங்கள் லிஸ்பனில் இறங்குவது வேலை நாள், அவரால் வர ஏலாது, நாங்களே பஸ் பிடித்து மூன்று மணித்தியாலம் ஓடி அவருடைய ஊரில் இறங்க வேண்டும். எங்கட பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் ஊர் விட்டுப் போவதில்லை; பக்கத்தில் இருக்கும் அக்கரைப்பற்றுக்கே நான் தனியாகப் போனதில்லை. ஊர் தெரியாத இடத்தில், சின்னப் பிள்ளையோடு, தப்பான பஸ் தரிப்பில் இறங்கினால் என்ன கதி? பயணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. போனில் பாடத்தைப் போட்டுவிட்டு மெஷினை மிதித்தேன். வேலையும் பிள்ளையும் பாடமுமாக மாரடித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

முதல் வசனம்

முதல் பாடம் ‘காலை வணக்கம்’. சட்டை தைக்க வந்த யாருக்கும் அது பிடிக்கவில்லை. ‘இதில் பன்றி இறைச்சி இருக்கா’ என்பதுதான் முதலில் என்றார் ஒரு மாமி. ‘தொழுகிறதுக்குக் கிப்லா எந்தப் பக்கம்’ என்றார் மற்றவர். பக்கத்து வீட்டுச் சாச்சி, டொய்லட்டில் தண்ணி உண்டா என்று கேட்கத் தெரியாமல் விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றையும் பாடமாக்கினேன். அந்தக் கிழமை தைத்த ஹபாயாவுக்கு இரண்டு கையும் வலக்கையாகிப் போச்சு. மாமி அதைப் போட்டுப் பார்த்து, இடத்தோளைத் தடவிக்கொண்டு கேட்டார்: “என்னகா புள்ள, போர்த்துக்கல்ல எல்லாருக்கும் ரெண்டும் வலக்கையா?”

மூக்கால் வரும் பாஷை

கிழமைக்கு ஒரு நாள் வீடியோவில் டீச்சர் வருவார். முன்பு போர்த்துக்கலில் வேலை செய்த கொழும்புக்காரி. அந்தப் பாஷையில் பாதிச் சொல் மூக்கால் வர வேண்டுமாம். எனக்கு எல்லாம் தொண்டையாலேயே வந்தது. எத்தனை தரம் திருத்தினாலும் டீச்சர் முகம் மலரவில்லை.

ஒரு நாள் வகுப்பு நேரத்தில் ஒரு கலியாணச் சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். குண்டூசியைத் துப்ப நேரமில்லை. பல்லைக் கடித்தபடியே மூக்கால் ஒரு வசனம் சொன்னேன். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இண்டைக்கு அருமையா வருது. மூக்கடைச்சுத் தடிமனா? மருந்து எடுக்காதீங்க, அப்படியே விடுங்க.”

எத்தனை ஆம்பிளை?

எயார்போர்ட் அதிகாரி கேட்கும் கேள்விகளைப் பழக்கினார் டீச்சர். “கணவரின் பெயர்?” என் உம்மா பக்கத்தில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எங்கட வீட்டில் கணவர் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. ‘பிள்ளைட வாப்பா’ என்றால் போதும். அதையே போர்த்துக்கீசில் போட்டேன்: “என் மகளின் தகப்பன்.”

“சரி, மகளின் தகப்பன் பெயர்?”

“என் கணவர்.”

“கணவர் பெயர்?”

“மகளின் தகப்பன்.”

உம்மா நிமிரவே இல்லை, ஆனால் ஊசி நின்றுவிட்டது. மூன்றாவது சுற்றில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, அதிகாரிட கணக்கில இப்ப ரெண்டு ஆம்பிளை. அதில நீங்க யாரிட்டப் போறீங்க?”

ஏச்சு மட்டும்

கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் முன்பு எங்கட நாட்டை ஆண்ட போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் என்று தெரிந்தபோது பெரிய சந்தோசம். ஆனால் வழி கேட்கிறவளுக்கு அலுமாரி உதவாது. அப்போதுதான் கோயில் திருநாளுக்குச் சட்டை தைக்க ஒரு பறங்கி அன்ரி வந்தார். பிறந்தது மட்டக்களப்பு, கலியாணம் முடித்தது கல்முனையில். அவருடைய ஆட்கள் போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள், இன்னும் பழைய போர்த்துக்கீசு கதைப்பவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சட்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொஞ்சம் சொல்லித் தாங்க என்று கெஞ்சினேன்.

அன்ரி கொஞ்சம் வெட்கப்பட்டார். “மகள், எங்கட வீட்டில ஏசுறதுக்கு மட்டும்தான் அந்தப் பாஷை. எனக்கும் ஏச்சு மட்டும்தான் வரும். பஸ்காரன் இறக்காமப் போனா உதவும், எழுதித் தரவா?”

கேற்றுக் கதை

நானும் மகளும் லிஸ்பன் போனோம். அதிகாரி ஒன்றுமே கேட்கவில்லை, முத்திரையைக் குத்தி மகளுக்குக் கை காட்டினார். பஸ்ஸில் ஏறி, கணவருடைய ஊரின் பெயரைச் சொல்லி, “அந்த ஊர் வந்தால் சொல்லுங்க, தயவுசெய்து” என்று சாரதியிடம் கேட்டேன். முதல் தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் மெதுவாகச் சொன்னேன், தலையாட்டினார். மூன்று மணித்தியாலமும் நான் கண் மூடவில்லை. ஊர் வந்ததும் அவரே இறங்கி எங்கட பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் கொஞ்சம் அழுதேன், மகள் வாழைப்பழம் கேட்டாள்.

விலாசத்தைக் காட்டிக் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தோம். பின்னேரம் கணவர் வேலை முடிந்து வந்தார். கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டி நீளமாக ஏதோ சொன்னார். இவர் சிரித்து “சிம், சிம்” என்றார், அதாவது ஓம், ஓம். எனக்கு அரைவாசி விளங்கியது: வாசல் கேற்றைப் பூட்டுங்க, நாய் வெளியே ஓடுது. மூன்று வருசமாகச் சொல்கிறாராம். மன்னிப்புக் கேட்டு, நான் இறங்கிப் போய்க் கேற்றைப் பூட்டினேன். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு இவரைக் காட்டிச் சொன்னார்: “இவர் நல்ல பிள்ளை. நாய்தான் பாவம்.”

விசாரித்தால், தோட்டத்தில் கூட இருப்பவர்கள் எல்லாம் வங்காளிகளும் நேபாளிகளும். மனுசன் அவர்கள் பாஷையை வெளுத்துக் கட்டுகிறார். போர்த்துக்கீசில் தெரிந்தது அந்த ஒரு ‘சிம்’ மட்டும். மூன்று வருசப் பெருநாளுக்கும் ‘இஞ்ச லீவு இல்ல’ என்று போனில் சொன்ன மனுசன். லீவு தரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை, போர்த்துக்கீசில் கேட்க ஆளில்லாததுதான் குறை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சோறு தின்ற கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“புள்ள, வாற கிழமை பெருநாள். காலையில முதலாளிக்கு நான் போனில கோல் எடுத்துத் தாறன், எனக்கு ஒரு நாள் லீவு தரச் சொல்லி நீ கேளன்.”