சிவசம்பு வீட்டு வாசற்கதவு

இருதயம் கடல் தாண்டிப் பிழைக்க வந்த ரயில் பட்டறைத் தச்சன். பதினாறு வருஷமாகப் பெட்டிகளுக்குப் பலகை பொருத்தியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் ரப்பர் விலை விழுந்து ஊரே பேயறைந்தது போலக் கிடந்தபோது, பட்டறையில் ஆட்குறைப்பு என்ற பேச்சு கிளம்பியது. லிஸ்டில் பெயர் வந்தால் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஈ காக்கை கூடக் கிடையாது. மனைவி கெர்ட்ரூடைப் புதைத்தது இங்கே, மகள் ரோசலின் பிறந்ததும் இங்கே.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறை ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சிவசம்பு கூப்பிட்டனுப்பினார். லிஸ்டை டைப் அடிப்பவர் அவர்தான் என்பது பட்டறைக்கே தெரியும். பிரிக்பீல்ட்ஸில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"இருதயம், வாசலுக்குச் செங்கால் மரத்தில ஒரு கதவு வேணும். உம்மை விட்டா ஆர் செய்வினம்?"

"செஞ்சிடலாம் ஐயா. ஆனா நீங்க வாங்கி வச்சிருக்கிற மரம் பச்சையா இருக்கு. ஆறு மாசமாச்சும் காயணும்."

"ஆறு மாசமோ! சித்திரை பத்தில முகூர்த்தம். அதை விட்டா இந்த வருஷம் நல்ல நாள் இல்லையெண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார்."

இருதயம், "ஐயா, அந்த லிஸ்ட்டு..." என்று இழுத்தான்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் கதவைப் பாரும்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? கூலி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். பட்டறை விட்டதும் நேரே அங்கே போய் இருட்டும்வரை இழைத்தான். செங்கால் மரம் லேசில் மசியாது, உளி முனை பொழுதுக்கும் மழுங்கும்.

பாவி மனுஷன் ஒரு தப்புச் செய்தான். வீட்டுக் கதவில் நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் சும்மா உட்கார வேண்டும். மரம் சுருங்கினால் நகர இடம் வேண்டுமே! இவனோ ரயில் பெட்டிக்காரன். ஓடுகிற பெட்டியில் பலகை கடகடத்தால் வெள்ளைக்கார ஃபோர்மன் சும்மா விடமாட்டான். பசை தடவித் திருகாணி முடுக்கி, இம்மியும் அசையாமல் இறுக்குவதே கைப்பழக்கமாகிவிட்டது. அதே மாதிரி, அதுவும் பச்சை மரத்தில், இங்கேயும் இறுக்கினான்.

குடிபுகுந்த அன்று வந்தவர்களெல்லாம் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஐயாவின் மனைவி கனகேஸ்வரி சந்தனம் குங்குமம் வைத்தார். இருதயம் வீட்டுக்கு வந்து, "இனி கவலையில்லம்மா" என்று ரோசலினிடம் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மூன்றாம் வாரம் பலகை மேலிருந்து கீழே வெடித்தது. விரல் நுழையும் அளவுக்கு. "புது வீட்டு வாசல் பிளந்து போச்சே, இது நல்லதுக்கில்லை" என்று கனகேஸ்வரி கண்கலங்கினார். சிவசம்பு ஒரு வார்த்தை திட்டவில்லை. இருதயத்தின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் அவன் கையில் கடிதம் கொடுத்தார்கள். பெயர் வந்துவிட்டது.

"என் கையாலயே கெடுத்துக்கிட்டேனேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எங்கோ அலைந்து காய்ந்த பலகை ஒன்று வாங்கி வந்தான். அதைப் போட்டுக் கொடுத்து, ஐயா காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பு.

"கப்பல் என்னைக்குன்னு பாரும்மா. அதுக்குள்ள முடிக்கணும்."

கான்வெண்டில் படித்த ரோசலின் ஆங்கிலக் கடிதத்தை முழுதாக வாசித்தாள். ஓரிடத்தில் நின்றாள். மறுபடி வாசித்தாள்.

"அப்பா, கதவு செய்யணும்னு ஐயா உங்களைக் கூப்பிட்டது என்னைக்கு?"

"சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள். மார்ச் இருபது. ஏம்மா?"

"லிஸ்ட்டு முடிவானது மார்ச் ரெண்டுன்னு போட்டிருக்குப்பா."

இருதயத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, தான் கப்பலேறுமுன் கதவை வாங்கிக்கொள்ளத்தான் அவ்வளவு அவசரம் என்பதும் சேர்ந்தே விளங்கியது.

"தெரிஞ்சேதான் செய்யச் சொல்லியிருக்காரு" என்றான். வாங்கி வந்த பலகையைச் சுவரோரம் சாத்தி வைத்தான். "கதவு நல்லா இருந்திருந்தாலும் நாம போயிருப்போம்மா."