ஹீரோயினுக்கு எந்தக் கிண்ணம்?

போன சனிக்கிழமை என் குசினி மேசையில் மூன்று கிண்ணங்கள் வைத்தேன். அந்த மூன்று கிண்ணங்களுக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகள் ஷெரினுக்கு ஒன்பது வயது. இந்த முறை பேர்த்டேக்குப் பெரிய கேக் வேண்டாமாம்... கேக் பொப்ஸ்தான் வேண்டுமாம். அதுவும் சினிமாப் படம் மாதிரி — ஹீரோ, ஹீரோயின், ரவுடி எல்லாரும் குச்சியில் நிற்கவேண்டும். செய்வதும் பிள்ளைகளேதானாம். காலை ஒன்பது மணிக்கே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வாசலில். நான் தேத்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை!

கேக் பொப்ஸ் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டர் கேக்கை உதிர்த்து, பேணியில் வரும் இனிப்பு ரின்பால் விட்டுப் பிசைந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் உருட்டி, ஐஸ்பழக் குச்சியில் குத்தி, உருக்கிய சொக்லேட்டில் தோய்த்தெடுத்தால் சரி. மேலே ஐசிங்கால் கண், மூக்கு, மீசை. பிள்ளைகள் உருட்டியதில் பாதி வாய்க்குள் போனது. போகட்டும்.

கிண்ணங்களுக்கு வருகிறேன். ஒன்றில் வெள்ளைச் சொக்லேட், ஒன்றில் பால் சொக்லேட், ஒன்றில் நல்ல கறுத்த சொக்லேட். "வெள்ளை ஹீரோயினுக்கு. நடுவில இருக்கிறது ஹீரோவுக்கு. கறுப்பு ரவுடியளுக்கு" என்று வாத்தியார் மாதிரி அறிவித்தேன். ஏன் என்று யாராவது கேட்பார்களா? பிள்ளைகள் குச்சியோடு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

கேட்டது அபிஷா. அந்த ஐந்து பேரில் ஒருத்தி, ஊர் கட்டைபறிச்சான். தாய் தகப்பன் அங்கே. இவள் படிப்புக்காக எங்கள் ஒழுங்கையில் சித்தி வீட்டில் நிற்கிறாள். நல்ல கறுப்பு. அதிகம் கதைக்கமாட்டாள்.

"அன்ரி, நான் ஹீரோயினை இதுக்குள்ள தோய்க்கட்டா?" விரல் கறுப்புக் கிண்ணத்தைக் காட்டியது.

"அது ரவுடிக்கு, செல்லம்."

சொன்னது நான்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் "பிள்ளை நல்ல களை, நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று இழுத்த ஒரு மனிசியை நான் எழுதும் இதே பத்தியில் கிழித்துத் தொங்கவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே நான்தான். வாய் கிழியப் பேசுகிறவளின் குசினி இப்படித்தான் இருக்கிறது.

"ஏன்?" என்றாள் அபிஷா.

ஷெரின் முந்திக்கொண்டாள். "ஹீரோயின் வெள்ளைதானே! எல்லாப் படத்திலயும் அப்பிடித்தானே."

அபிஷா அவளை நேரே பார்த்தாள். "அப்ப நான் நடிச்சா?"

உருண்டையை வாயில் போட்ட பிள்ளைகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது... சும்மா வெட்கம் இல்லை, காது சுடுகிற வெட்கம்.

"தோய் பிள்ளை. வடிவாத் தோய்" என்றேன்.

"கறுப்பில தலைமயிர் தெரியாதே" என்றது ஒரு குரல். "பூ வைச்சாத் தெரியும்" என்றாள் அபிஷா. வைத்தாள். சுற்றிவர மஞ்சள் ஐசிங் பூ, நெற்றியில் சிவப்புப் பொட்டு. வாய் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் என்ன மிடுக்கு!

பின்னேரம் நாலு மணி, பேர்த்டேக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். வாழைக்குற்றி ஒன்றை மேசையில் கிடத்தி, அதில் எல்லாரையும் குத்தி நிறுத்தியிருந்தோம். முன்வரிசையில் ஹீரோவுக்குப் பக்கத்தில் அபிஷாவின் ஹீரோயின். அப்போதுதான் என் மச்சாள், கணவரின் அக்கா, வந்தார். போட்டோ எடுப்பதற்கு முன் எதையாவது இடம் மாற்றாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது.

"இதென்ன, பூ வைச்ச ரவுடி!" என்று சிரித்துக்கொண்டே அபிஷாவின் ஹீரோயினைப் பிடுங்கிப் பின்வரிசையில் குத்தினார். வந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

அபிஷா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நேரே போனாள். பிடுங்கினாள். பழைய இடத்திலேயே குத்தினாள்.

"பிள்ளை, வெள்ளை முன்னுக்கு நிண்டாத்தான் படம் எடுப்பா இருக்கும்" என்று மச்சாளின் கை திரும்பவும் நீண்டது.

"மச்சாள், அதில கை வைக்காதேங்கோ. அது ஹீரோயின்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுக்கு ஏன் இப்பிடிக் கோவிக்கிறீங்கள்?"

"விளையாட்டெண்டா விடுங்கோவன். அவள் வைச்ச இடத்தில நிக்கட்டும்."

மச்சாளுக்கு முகம் கறுத்துவிட்டது. பரவாயில்லை. ஒரு பிள்ளையின் முகம் வாடுவதைவிட ஒரு மச்சாளின் முகம் கறுப்பது எனக்குச் சம்மதம். என் கோபத்தில் பாதி என்மீதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடல் கூப்பிடு தூரத்தில்... காற்றோ ஒரு பொட்டு இல்லை. ஃபேன் நின்று கால் மணித்தியாலத்தில் வெள்ளை ஹீரோயின்கள் ஒவ்வொருவராகக் குச்சியோடு வழுகி இறங்கினார்கள். கறுத்த சொக்லேட் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களே, கறுப்புத்தான் ஸ்ட்ரோங்!" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல நீதிக்கதை, இல்லையா?

எனக்கு வேண்டாம் அந்த நீதி. அபிஷாவின் ஹீரோயினும் உருகி வழிந்திருந்தால்? அப்போதும் அவள் ஹீரோயின்தான். வெள்ளை ஹீரோயின் மழையில் நனைந்து, மயங்கி விழுந்து, கடைசிவரை அழுதாலும் ஹீரோயின். கறுப்புப் பிள்ளை மட்டும் வெயிலில் நின்று உறுதியைக் காட்டித்தான் இடம் பிடிக்கவேண்டுமா? யார் போட்ட சட்டம் அது?

அபிஷா தன் ஹீரோயினை யாருக்கும் கொடுக்கவில்லை. போட்டோ எடுத்து முடிந்ததும் தானே எடுத்துத் தலையில் ஒரு கடி கடித்தாள். சித்தி கூட்டிப்போக வந்தபோது கையில் வெறும் குச்சி, வாயெல்லாம் சொக்லேட்.

வாசல் படலைவரை போன ஷெரின் அவளுடைய சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அபி... உன்ர படத்தில எனக்கு என்ன வேஷம்?"

அபிஷா குச்சியை ஒருமுறை நக்கினாள். என் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

ரவுடி வேஷம் மிச்சம் இருந்தால் எனக்குத் தரட்டும். கிண்ணம் வைத்தவள் நான்தானே!