ஏழாம் அத்தியாயத்தில் போனவரின் நூல்

இலக்கியம் படிப்பிக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை ஒன்று, பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் கதையில் வருகிறவர்கள் வகுப்பைவிட்டுப் போகமாட்டார்கள். உங்களில் யாராவது இந்த வேலை செய்திருந்தால் நான் சொல்வதை நம்புவீர்கள்.

கற்பிட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆங்கில இலக்கியத்துக்குச் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கல்வி அலுவலகத்து மேடம் வந்து எங்கள் வகுப்புச் செயற்றிட்டத்தைப் பார்த்து, நல்லதென்று எழுதி, சிபாரிசுக் கடிதம் ஒன்றும் தந்தால் எனக்கு நிரந்தர நியமனம் கிடைக்கலாம். என் எதிர்காலம் முழுவதும் ஒரு வகுப்பறைச் சுவரில் இருந்தது.

சுவர்

நாவல் பழையது, பயங்கரமானது. கடலோரத்தில் ஒரு பாழடைந்த மாளிகை, அதில் ஒரு பிரபு, அவர் மனைவி, தம்பி. தம்பி ஏழாம் அத்தியாயத்தில் கப்பலேறுகிறார். பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. சுவரில் பதினாறு அத்தியாயங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வலை நூல் கட்டினோம். நல்ல காலத்தில் நூல் மேலே ஏறும், கெட்ட காலத்தில் இறங்கும். பாத்திரம் முடிகிற இடத்தில் நூலை வெட்டிவிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது அப்படித்தான். தம்பியின் நீல நூலை ஏழில் வெட்டினேன்.

காலை வெயிலில் வெளியே சுற்றும் காற்றாலையின் நிழல் அந்தச் சுவரைக் கடந்து போகும். அந்நேரம் எல்லா நூல்களும் அசைவது போலத் தெரியும். முன்வரிசை நஸ்ரின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், ஒரு ஆள் மட்டும் நிழல் போன பிறகும் ஆடுறார்."

ஒன்பது, பன்னிரண்டு

திங்கட்கிழமை வந்து பார்த்தால் நீல நூல் ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றது. யாரோ புது நூலை முடிச்சுப்போட்டு நீட்டியிருந்தார்கள். திரும்பவும் ஏழில் வெட்டினேன். புதன்கிழமை அது பன்னிரண்டில் நின்றது. வகுப்பில் கேட்டேன். ஒன்பது பிள்ளைகளும் குனிந்துகொண்டார்கள்.

பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியை பர்சானாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கிட்டப் போகவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "என்ட பாடத்தில எண்டா பிழை எண்டு கீறி விட்டுருவன். உங்கட பாடத்தில பிழை எது, ஆள் எது எண்டு எனக்குத் தெரியா."

சேர்ட்

அந்த முடிச்சு, கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடுவது. எங்கள் வகுப்பில் தாயோடு சேர்ந்து வலை பொத்துகிறவள் ஸ்டெலா மட்டும். சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். நாலு வருசத்துக்கு முன் அவள் தகப்பன் கடலுக்குப் போனார். படகு கரையொதுங்கியது, அவர் வரவில்லை. அந்த வீட்டில் அவருக்கு நினைவுப் பூசை கேட்பதில்லை. "இன்னும் வரேல்ல" என்பார்கள், அவ்வளவுதான். கடலோடு போன ஒருவரை நான் ஏழில் வெட்டியதை அந்தப் பிள்ளையால் பொறுக்க முடியவில்லை.

கொடியில் ஒரு ஆம்பிளைச் சேர்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. யாருடையது என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். ஸ்டெலாவின் அம்மா வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "ஒவ்வொரு சனியும் கழுவுறது மிஸ். வந்து நிக்கிற நேரம் மாத்த உடுப்பில்லையெண்டா மனுசன் சத்தம் போடும்."

கத்தரிக்கோல்

திங்கட்கிழமை மேடம் வருவதாக இருந்தது. அவரது மதிப்பீட்டுப் புள்ளித்தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தொடக்கம், மாற்றம், முடிவு என்று மூன்று கட்டங்கள். முடிவு இல்லாவிட்டால் புள்ளி இல்லை. வெட்டிவிடச் சொல்லிப் பாடசாலை அதிபர் கத்தரிக்கோலைக் கையில் தந்தார். நூல் பன்னிரண்டில் நிற்க வெள்ளிக்கிழமை பூட்டிய வகுப்பை நான்தான் திறந்தேன். திறப்பு இரண்டு நாளும் என் கைப்பையில்தான் இருந்தது. நீல நூல் பதினாறாம் அத்தியாயத்தையும் தாண்டி, சுவரின் விளிம்பில் நின்றது.

ஏழில் வெட்ட நூலைப் பிடித்தேன். இறுகியிருந்தது. மறுபக்கம் தண்ணீருக்குள் ஏதோ பிடித்திருக்கும் தூண்டில் நூல் அப்படித்தான் இருக்கும். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு ஸ்டெலாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியிருந்தது. "நான் பன்னிரண்டு வரைக்கும்தான் கொண்டுபோனன் மிஸ்."

மேடம்

மேடம் நீல நூலில் விரலை வைத்து, "இவருக்கு முடிவு எங்க?" என்று கேட்டார். கடைசி அத்தியாயம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. "புத்தகத்தில சொல்லேல்ல மேடம். நான் முதல்ல ஏழில வெட்டினன், அது என்ட பிழை. பன்னிரண்டுக்குப் பிறகு ஆர் கொண்டுபோனதெண்டு எனக்குத் தெரியாது" என்றேன்.

காற்றாலை நிழல் சுவரை இரண்டு தரம் கடந்தது. அவர் நீல நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னவோ எழுதிப் பேனையை மூடினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "முடிவு எண்ட கட்டத்த வெறுமையா விட்டிருக்கிறன் பிள்ளை. உங்கட கடிதம் வரும், எப்ப எண்டு மட்டும் கேக்காதீங்க."

இரண்டு வருசமாகிறது, கடிதம் இன்னும் வரவில்லை. நேர்முகப் பரீட்சைக்கென்று எடுத்த சேலையை நானும் சனிக்கிழமைதோறும் கழுவிக் காயப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.