ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிரவுன் மாற்றிய வாரம்

டிராக்டர் பட்டறைக்குக் கார் வரும், கார் பட்டறைக்கு டிராக்டர் போகாது. இதுதான் எங்கள் தொழிலின் நியாயம். பாபநாசத்தில் நானும் கூட்டாளி சாதிக் பாயும் நடத்துவது டிராக்டர் பட்டறை. தெரியாத வேலையைத் 'தெரியும்' என்று வாங்கிப்போட்டு முழித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். இது உங்களுக்காக.

சிவப்பு வண்டி

பங்குனியில் ஒரு காலை, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஊளையிட்டுக்கொண்டே பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் குமரன், பக்கத்து ஊர்க்காரர், போன வருடம் கல்யாணமானவர். வண்டி சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் செந்திலுடையது. ஆசைப்பட்டு வாங்கி, வாரம் ஒரு தடவை ஓட்டி வைத்தால் போதும் என்று தம்பியிடம் விட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை திருச்சியில் இறங்குகிறார், அழைக்க இந்த வண்டியில்தான் வரவேண்டுமாம்.

ஊளை பின்பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி போயிருக்கிறது. புத்தகத்தில் டிஃபரன்ஷியல், பட்டறையில் கிரவுன். எங்காவது மோதினீர்களா, பள்ளத்தில் விட்டீர்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ஒண்ணுமே பண்ணலங்க. தானா சத்தம் வந்துச்சு."

ஜாக்கி நுழையாத இடம்

டிராக்டரைத் தூக்குகிற ஜாக்கி அந்தக் காருக்கு அடியில் நுழையவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு. பலகைகளைச் சரிவாகப் போட்டு, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். பவர் டில்லர் ரிப்பேருக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர் குனிந்து பார்த்தார், சுற்றி வந்தார், மறுபடியும் குனிந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஒரு வரப்பு தாண்டாது போலருக்கு. இதுக்கு எதுக்குங்க இவ்வளவு இன்ஜின்?"

அடியில் கிடந்தது

சாதிக் பாய் படுத்தபடி அடியில் போனார். வெளியே வந்தபோது கை நிறைய உளுந்தஞ்செடி. சக்கரத்துக்குப் போகிற தண்டில் கயிறு மாதிரி இறுகச் சுற்றி, எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற 'ஆயில் சீல்' வளையத்தை அறுத்துவிட்டிருக்கிறது. எண்ணெய் முழுக்க ஒழுகி, உள்ளே பற்கள் காய்ந்து கறுத்துவிட்டன. பெட்டியின் மேலே ஒரு பிடி உளுந்தும் தேங்கிக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் பறித்த உளுந்தஞ்செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி, காய் உடைந்து உளுந்து உதிரும். பஸ் ஏறும், லாரி ஏறும். ஸ்போர்ட்ஸ் கார் ஏறி நான் பார்த்ததில்லை. கையிலிருந்த செடியைக் காட்டியதும் குமரன் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமியார் தனி மனுஷி, குத்தகை நிலமாம். அவர்கள் ஊர் ரோட்டில் அன்றைக்கு வண்டியே வரவில்லை. டிராக்டரும் கிடைக்கவில்லை. பார்க்கப் போன மாப்பிள்ளை, போன வண்டியையே செடி மேல் முன்னும் பின்னுமாக ஓட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. அவர் சொன்னது இதுதான்: "மழை இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. அவங்க ஒத்தையா நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

மூஞ்சி

சென்னையிலிருந்து பழைய வண்டியில் கழற்றிய பெட்டி ஒன்று பார்சலில் வந்தது. பார்த்தால் அச்சு அசல் அதே பெட்டி. சாதிக் பாய் நம்பவில்லை. இரண்டிலும் சாக்பீஸில் கோடு போட்டு, கையால் சுற்றிப் பார்த்தார். சுற்று ஒத்துவரவில்லை, உள்ளே பல் கணக்கு வேறு. திருப்பி அனுப்பினோம். சரியான பெட்டி வந்தது வியாழக்கிழமை.

அதுவரை குமரன் தினமும் பட்டறையில்தான். சாப்பிடச் சொன்னாலும் போகமாட்டார். அண்ணன்தான் படிக்க வைத்தவராம், இதுவரை ஒரு வார்த்தை அதட்டியதில்லையாம். அதனால்தான் அதிக பயம் என்றார். மாட்டி முடித்து, எண்ணெய் ஊற்றி, கும்பகோணம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஊளை இல்லை. அண்ணனுக்குத் தெரிந்துவிடுமா என்று அப்போதும் கேட்டார். சாதிக் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி காட்டிக்குடுக்காது தம்பி. உங்க மூஞ்சி காட்டிக்குடுத்துரும்."

அண்ணன் வந்தார்

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வண்டி மறுபடியும் வந்தது. இறங்கியவர் செந்தில், தனியாக. வேலை சுத்தம், சத்தமே இல்லை என்றார். கழற்றிப் போட்ட பழைய கிரவுன் பெட்டியைக் காட்டச் சொன்னார். கறுத்த பற்களை விரலால் தடவிப் பார்த்தபடி நின்றார். ஏர்போர்ட்டில் சூட்கேஸை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, வாசலில் வைத்துத் தம்பி எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாராம்.

வண்டி பாவம், நேரம் இருந்திருந்தால் புது சாமானே போட்டிருக்கலாம் என்று நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். கண் கலங்கியிருந்தது. "வண்டிய விடுங்கண்ணே. அவன் செஞ்சது சரி, நானா இருந்தாலும் ஓட்டியிருப்பேன். ஒரு போன் பண்ணாம, ஒரு வாரமா என்னை நெனச்சுப் பயந்துகிட்டு இருந்திருக்கான் பாருங்க, அதுதான் தாங்கல."

கிரவுன் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வண்டிக்குப் பின்னாலேயே ஒரு குடும்பமும் பட்டறைக்குள் வந்துவிடுகிறதே, அதற்குத்தான் எங்களிடம் ஸ்பேனர் கிடையாது.